மாலை ஆறு மணிக்கு டாலரும் இறாலும்

கேள்வி கேட்டவர் சென்னையில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு வடிவமைப்பு வேலை செய்துகொடுக்கிறார். மாதம் 600 டாலர் வருகிறது. 20,000 ரூபாய் போட்டால் நாணய வணிகத்தில் இறங்கிவிடலாம் என்று நண்பர் ஒருவர் கைப்பேசியில் ஒரு செயலியைக் காட்டியிருக்கிறார். யூரோவும் டாலரும் அதிகம் கைமாறுவது நம் மாலை நேரத்தில். அதனால் திரையை விட்டு அதிகம் நகராமல் சமைக்கக்கூடிய இறால் சாதம் ஒன்றையும் சேர்த்துச் சொல்லும்படி கேட்டிருக்கிறார்.

இந்த இரண்டையும் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது. தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன். காலையில் வந்திறங்கிய இறால் எத்தனை கவுண்ட், அதாவது கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்று கேட்டுக் குறித்துக்கொள்வேன். பத்து மணிக்கு வங்கியைத் தொலைபேசியில் அழைத்து டாலர் என்ன விலை என்று கேட்பேன். இரண்டு எண்ணும் ஒரே நோட்டில், அடுத்தடுத்த வரியில் இருக்கும்.

தம்பி, அந்தச் செயலியில் பணம் போடாதீர்கள். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

நாணயத்தை எப்போதும் இணையாகத்தான் விலை பேசுவார்கள். யூரோ–டாலர் 1.1000 என்றால் ஒரு யூரோவுக்கு 1 டாலர் 10 சென்ட். நான்காவது தசம இடத்தில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ அது ஒரு பிப். முழு லாட் என்பது 1,00,000 யூரோ. அதில் ஒரு பிப் நகர்ந்தால் 10 டாலர் ஏறும் அல்லது இறங்கும். எண்கள் எளிதாக இருக்க டாலரை 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய விலை அதைவிட அதிகம், ஆனாலும் கணக்கின் போக்கு மாறாது. உங்கள் 20,000 ரூபாய் என்பது 250 டாலர். செயலி உங்களுக்கு ஐந்நூறு மடங்கு கடன் தருகிறேன் என்கிறது. அப்படியானால் 250 டாலரை வைத்து 1,25,000 டாலர் வரை வாங்கலாம். 1.10 விலையில் ஒரு முழு லாட்டுக்கு 1,10,000 டாலர் ஆகிறது. ஆசைப்பட்டால் கைக்கு எட்டுகிற தூரம்.

வாங்கிய பிறகு விலை 1.1000-லிருந்து 1.0975-க்கு இறங்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 25 பிப், பிப்புக்கு 10 டாலர், மொத்தம் 250 டாலர். கையில் இருந்தது அவ்வளவுதான். உண்மையில் அதற்கு முன்பே செயலி உங்கள் வர்த்தகத்தைத் தானாக மூடிவிடும். யூரோவின் விலையோ சாதாரணமான ஒரு நாளிலேயே 50 பிப் அளவுக்கு ஏறி இறங்கக்கூடியது. உங்கள் கணிப்பு சரியாகவே இருந்தாலும், மதியம் அது கொஞ்சம் தடுமாறிவிட்டு மாலையில் நீங்கள் சொன்ன இடத்துக்கு வரும். அதற்குள் உங்கள் பணம் போயிருக்கும்.

இதைவிட எனக்கு உறுத்துவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி. அது ஒன்றரைப் பிப் என்று வைத்துக்கொண்டால், முழு லாட்டில் ஒவ்வொரு முறை உள்ளே போய் வெளியே வர 15 டாலர் ஆகிறது. 250 டாலரில் அது 6 சதவீதம். ஒரு நாளில் மூன்று முறை வாங்கி விற்றால், விலை அசையாமல் நின்றிருந்தாலும்கூட முதலில் 18 சதவீதம் போய்விடும். கட்டணமே இல்லை என்று விளம்பரம் செய்பவர்கள் எடுத்துக்கொள்வது இந்த இடைவெளியைத்தான். இன்னொன்றும் உண்டு. இத்தகைய தளங்கள் பலவற்றில் உங்கள் எதிர்த்தரப்பில் நின்று விற்பவர் அந்தத் தரகரேதான். உங்கள் நட்டம் அவருடைய வரவு.

ஐரோப்பியச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2018-ல் இந்த வகை வணிகத்துக்கு வரம்பு விதித்தபோது, சில்லறை முதலீட்டாளர்களின் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் வரை நட்டத்தில் முடிகின்றன என்று தெரிவித்தது. முக்கிய நாணயங்களுக்கு முப்பது மடங்குக்கு மேல் கடன் தரக்கூடாது என்றும் அப்போதுதான் கட்டுப்படுத்தினார்கள். ஐரோப்பியர் முப்பதுக்கு மேல் போனாலே அபாயம் என்று நினைத்த இடத்தில் உங்கள் நண்பரின் செயலி ஐந்நூறு தருகிறது.

நட்டத்தைத் தடுக்க ஒரு விலையைக் குறித்து வைத்துவிட்டால் போதும், அங்கே தானாக விற்றுவிடும் என்று சொல்வார்கள். பெரும்பாலான நாட்களில் அது உண்மைதான். 2015 ஜனவரி 15 அன்று உண்மையாக இல்லை. ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே போகவிடமாட்டோம் என்று 2011 முதல் சொல்லிவந்த சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி, அன்று காலை அந்த உறுதியைக் கைவிட்டது. சில நிமிடங்களில் யூரோ ஒரு பிராங்குக்கும் கீழே விழுந்தது. இடைப்பட்ட விலைகளில் வாங்க ஆள் இல்லை. 1.19-ல் விற்றுவிடு என்று எழுதி வைத்தவர்களுக்கு அந்த விலை கிடைக்கவில்லை. போட்ட பணம் போனதோடு, மேலும் தரகருக்குக் கொடுக்கவேண்டிய நிலையும் பலருக்கு வந்தது. பிரிட்டனில் ஒரு பெரிய தரகு நிறுவனமே திவாலானது.

சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, இந்தியாவில் வசிப்பவர் ரிசர்வ் வங்கி அனுமதித்தவர்களிடமும், அனுமதித்த மின்னணுத் தளங்களிலும், அங்கீகரிக்கப்பட்ட பங்குச்சந்தைகளிலும் மட்டுமே நாணய வர்த்தகம் செய்யலாம். ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாமே என்று ஒருவர் வாதம் செய்வார். அந்தச் சலுகையில் வெளிநாட்டுச் சந்தைகளுக்கு மார்ஜின் பணம், அதாவது இப்படிக் கடனில் வர்த்தகம் செய்ய முன்னால் கட்டும் ஈட்டுத்தொகை, கட்ட இடமில்லை. மீறினால் சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். அனுமதியில்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் 7 அன்று 34 பெயர்களுடன் முதலில் வெளியிட்டது. பிறகு அது நீண்டுகொண்டே போகிறது. அதில் பெயர் இல்லை என்பதாலேயே ஒரு தளம் அனுமதி பெற்றதாகிவிடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. அந்தச் செயலி யாரோ ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்தக் கணக்கு மோசடிப் புகாரில் சிக்கினால், பணம் அனுப்பிய உங்கள் கணக்கையும் முடக்கக்கூடும்.

சரி, நம் நாட்டுக்குள்ளேயே செய்யலாமே என்றால், அதற்கு வழி இருக்கிறது. தேசியப் பங்குச்சந்தையில் 2008 ஆகஸ்ட் 29 முதல் டாலர்–ரூபாய் முன்பேர ஒப்பந்தங்கள், அதாவது பின்னால் வரும் ஒரு தேதிக்கு இன்றே விலை பேசிக்கொள்ளும் ஒப்பந்தங்கள், நடக்கின்றன. ஒரு லாட் 1,000 டாலர். விலை கால் பைசா அளவில் நகரும். அப்படி ஒருமுறை நகர்ந்தால் லாட்டுக்கு 2 ரூபாய் 50 காசு. பத்துப் பைசா நகர்ந்தால் 100 ரூபாய். காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை வர்த்தகம். மாத முடிவில் டாலர் கைமாறுவதில்லை, வித்தியாசம் ரூபாயாகவே தீர்க்கப்படும். இது அளவான, ஒழுங்கான இடம். ஆனால் 2024 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டு, அந்த ஆண்டு மே 3 முதல் ஒன்றைத் தெளிவாக்கியது. ரூபாய் சம்பந்தப்பட்ட இந்த ஒப்பந்தங்களில் இறங்குகிறவருக்கு உண்மையிலேயே அந்நியச் செலாவணி வரவோ செலவோ இருக்க வேண்டும். 10 கோடி டாலர் வரை ஆவணம் கேட்கமாட்டார்கள். கேட்கவில்லை என்பதால் இல்லாததை இருப்பதாகச் சொல்ல முடியாது. வெறும் ஊகத்துக்காக ஆடிக்கொண்டிருந்த சில்லறை வணிகர்கள் அத்தோடு வெளியேற வேண்டியதாயிற்று.

உங்கள் கேள்வியைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தது இந்த இடத்தில்தான். உங்களுக்கு மாதம் 600 டாலர் வருகிறது. அந்த வரவு உங்களிடம் உண்மையாகவே இருக்கிறது! நீங்கள் ஏற்கெனவே நாணய வணிகர். ஒவ்வொரு மாதமும் டாலரை விற்று ரூபாய் வாங்குகிறீர்கள். என்ன விலைக்கு விற்கிறோம் என்று மட்டும் இதுவரை பார்க்கவில்லை.

அதை இந்த மாதமே பாருங்கள். பணம் வந்த நாளில் வங்கிகளுக்கிடையே டாலர் என்ன விலைக்குக் கைமாறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். மதியம் வெளியாகும் குறிப்பு விலையைச் செய்தித்தாள்களிலேயே பார்க்கலாம். பிறகு உங்கள் கணக்கில் வரவான ரூபாயை 600-ஆல் வகுங்கள். டாலருக்கு ஒரு ரூபாய் குறைவாகக் கொடுத்திருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன். அது மாதம் 600 ரூபாய், ஆண்டுக்கு 7,200 ரூபாய். அந்தச் செயலியில் போட நினைத்த 20,000 ரூபாயில் இது 36 சதவீதம். இந்த லாபத்தை உறுதியாக அள்ளித் தரும் நாணய வணிகர் யாரையும் நான் பார்த்ததில்லை. உங்களுக்கோ இது ஒரு கடிதத்தில் கிடைக்கக்கூடியது. வங்கிக் கிளையில் அந்நியச் செலாவணி பார்க்கும் அதிகாரியிடம், 'தொடர்ந்து வரவு இருக்கிறது, கவுண்டர் விலையைவிட நல்ல விலை தர முடியுமா?' என்று எழுதிக் கேளுங்கள். இரண்டு மூன்று வங்கிகளில் கேளுங்கள். இடைநிலை வங்கிகள் வழியில் கட்டணம் பிடிக்கின்றனவா என்பதையும் கேட்டுவிடுங்கள். எங்கள் முதலாளி இரண்டு பைசாவுக்காக வங்கியோடு அரை மணி நேரம் பேசுவார். ஒரு கொள்கலன் சரக்கு 1 லட்சம் டாலர் என்றால் அந்த இரண்டு பைசா 2,000 ரூபாய். ஐஸ் ஆலைக்காரருக்குக் கொடுக்க உதவும்.

அடுத்ததாக, ஏற்றுமதி வருமானம் உள்ளவர்களுக்கென்று டாலரிலேயே வைத்திருக்கும் நடப்புக் கணக்கு ஒன்று உண்டு. வடிவமைப்பு போன்ற சேவைக்கு வெளிநாட்டிலிருந்து பணம் பெறுபவரும் அதைத் தொடங்கலாம். வட்டி கிடையாது. வந்த டாலரைப் பொதுவாக அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் ரூபாயாக மாற்றியாக வேண்டும். ஆக, எப்போது விற்பது என்று முடிவெடுக்க உங்களுக்கு நான்கு முதல் எட்டு வாரம் கிடைக்கிறது. நாணய வணிகம் படிக்க இதைவிட நல்ல பள்ளி எனக்குத் தெரியாது. கடன் இல்லை, மார்ஜின் இல்லை, நட்டம் வந்தாலும் சில நூறு ரூபாயோடு நின்றுவிடும். பாடம் மட்டும் அசல் பாடம்.

அந்தப் பாடத்தை நான் 2013-ல் படித்தேன். அந்த ஆண்டு மே மாதம் 54 ரூபாய் அளவில் இருந்த டாலர் ஏறத் தொடங்கியது. அமெரிக்க மத்திய வங்கி பணப்புழக்கத்தை இறுக்கப்போகிறது என்ற பேச்சு வந்ததும், வெளிநாட்டு முதலீடு வெளியேற, ஆகஸ்ட் 28 அன்று டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. எங்கள் கணக்கில் அப்போது இரண்டு கொள்கலன் சரக்கின் பணம் டாலராகவே இருந்தது. 70 வரட்டும் என்றார் முதலாளி. நானும் பொறுத்திருக்கலாம் என்றுதான் சொன்னேன். தினமும் ஏறுவதைப் பார்த்த கண்ணுக்கு அது இறங்கும் என்றே தோன்றவில்லை. செப்டம்பர் வந்தது, ரூபாய் மீண்டது. ஆகஸ்டில் வந்த டாலரைச் செப்டம்பர் 30-க்குள் மாற்றியே ஆகவேண்டும் என்பது விதி. கடைசி நாளில் 63-க்கும் கீழே விற்றோம். டாலருக்கு ஐந்து ரூபாய்க்கு மேல், 2 லட்சம் டாலருக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் நழுவிப்போனது. அன்று இரவு நோட்டில் எழுதிக்கொண்டேன்: வந்ததில் பாதியை வந்த அன்றே விற்றுவிட வேண்டும், மீதியை இரண்டு பங்காக்கி வெவ்வேறு வாரங்களில் விற்க வேண்டும். வேலையை விட்டு வரும்வரை அதை மாற்றவில்லை. உச்ச விலை ஒருமுறையும் கிடைத்ததில்லை; இரவில் தூக்கம் கெட்டதும் இல்லை. உங்கள் 600 டாலருக்கும் அதையே சொல்வேன்: 300 உடனே, 150 ஒரு வாரம் கழித்து, 150 மாதக் கடைசியில். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் வங்கி தனிக் கட்டணம் பிடிக்கிறது என்றால் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விற்கும் ஒவ்வொரு நாளும் ஒரு காரணத்தை எழுதுங்கள். கச்சா எண்ணெய் ஏறியதா என்று பாருங்கள். நாம் பயன்படுத்தும் எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது, அதற்கு டாலர் வேண்டும். மாத இறுதியில் இறக்குமதியாளர்கள் டாலர் தேடுவதால் விலை கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். ரிசர்வ் வங்கி டாலரை விற்று விலையைத் தடுத்ததா என்பதும் மறுநாள் செய்தியில் வந்துவிடும். மூன்று மாதம் எழுதிவிட்டு, எத்தனை காரணம் சரியாக இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். அதன் பிறகும் முன்பேரச் சந்தையில் ஒரு லாட் விற்று, வரப்போகும் டாலருக்கு இன்றே விலையைக் கட்டிவைக்க விரும்பினால், உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. 600 டாலருக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. மாதம் 3,000 வரும்போது யோசியுங்கள்.

இனி இறால்.

அமெரிக்காவின் வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை நம் நேரப்படி மாலை 6 மணிக்கு வரும். அங்கே குளிர்காலம் என்றால் 7 மணிக்கு. அந்த ஒரு நிமிடத்தில் விலை துள்ளும், வாங்கும்–விற்கும் இடைவெளியும் விரியும். கற்றுக்கொள்பவர் அந்த நிமிடத்தில் அடுப்படியில் நிற்பது நல்லது. இந்தச் சாப்பாட்டில் திரையைப் பார்க்க நேரம் உண்டு, நடுவில் மூன்று நிமிடத்தைத் தவிர.

இறால் வாங்கும்போது தலை உடலோடு இறுக்கமாக ஒட்டியிருக்கிறதா, ஓடு பளபளப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். தலை கறுத்து, தொட்டதும் கழன்றால் விட்டுவிடுங்கள். மூக்கைப் பிடுங்கும் காரநெடி அடித்தாலும் வேண்டாம். கடையில் இன்று அதிகம் கிடைப்பது பண்ணையில் வளரும் வனாமி. பசிபிக் கடலின் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த இனம், இங்கே 2009-லிருந்து வளர்க்கிறார்கள். ஒருவர் சாப்பாட்டுக்கு 50 கவுண்ட் அளவு போதும். உறைந்த பொட்டலம் வாங்கினால், இறாலின் மேல் பூசிய பனியும் எடையில் சேர்ந்திருக்கக்கூடும். நிகர எடை என்று அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். காலையிலேயே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மறந்துவிட்டால், பொட்டலத்தோடு குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் போடுங்கள். சுடுநீர் வேண்டாம், வெளிப்பக்கம் வெந்துவிடும்.

ஓட்டோடு கால் கிலோ இறாலை உரித்து, முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை இழுத்துவிடுங்கள். ஓட்டையும் தலையையும் தூக்கி எறியாதீர்கள். இந்தச் சாதத்தின் சுவையே அங்கேதான் இருக்கிறது. அவற்றை ஒரு கரண்டி எண்ணெயில் சிவக்க வதக்கி, இரண்டு டம்ளர் நீர் ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு சாறு கிடைக்கும். உரித்த இறாலில் மஞ்சள்தூள், அரைக் கரண்டி மிளகாய்த்தூள், உப்பு பிசறி வையுங்கள். ஒரு டம்ளர் சீரகச் சம்பாவைக் கழுவி இருபது நிமிடம் ஊறவையுங்கள்.

அகலமான, அடி கனமான பாத்திரத்தில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் இறாலை ஒற்றை வரிசையாகப் பரப்புங்கள். இதுதான் கண்ணை எடுக்கக்கூடாத நேரம். ஒரு பக்கம் ஒரு நிமிடம், திருப்பிப் போட்டு அரை நிமிடம். பிறையாக வளைந்தால் சரியான பதம்; வளையமாகச் சுருண்டால் அதிகம் வெந்து ரப்பராகிவிட்டது. பிறையாக வளையத் தொடங்கும்போதே தட்டில் எடுத்துவிடுங்கள், மீதி வேலையைச் சாதத்தின் சூடு பார்த்துக்கொள்ளும்.

அதே எண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை, நறுக்கிய சின்ன வெங்காயம் பத்து, கீறிய பச்சை மிளகாய் இரண்டு, ஒரு கரண்டி இஞ்சி பூண்டு விழுது, ஒரு தக்காளி என்று வரிசையாகப் போட்டு, எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். ஒரு கரண்டி மல்லித்தூள், உப்பு. இறால் சாறு ஒன்றேகால் டம்ளர், தேங்காய்ப்பால் அரை டம்ளர் ஊற்றிக் கொதித்ததும் அரிசியை வடித்துச் சேருங்கள். மூடி, தீயை நன்றாகக் குறைத்துப் பன்னிரண்டு நிமிடம். இந்த நேரம் முழுவதும் உங்களுடையது. டாலர் விலையைப் பார்க்கலாம், நோட்டில் எழுதலாம். பிறகு மூடியைத் திறந்து இறாலையும் தட்டில் இறங்கிய நீரையும் மேலே பரப்பி, மீண்டும் மூடி இரண்டு நிமிடம் வைத்து அடுப்பை அணையுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து, கொத்தமல்லித் தழை தூவி, ஓரத்திலிருந்து மெதுவாகக் கிளறுங்கள்.

இது ஒருவருக்குத் தாராளம், இருவருக்கு அளவு. சிலருக்கு இறால் ஒவ்வாமை உண்டு. அறைக்கு நண்பர் வந்திருந்தால் கேட்டுவிட்டுப் பரிமாறுங்கள். மிஞ்சினால் உடனே குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். சூடாக்கும்போது இறாலைத் தனியே பொறுக்கி எடுத்து, சாதம் ஆவி பறக்கச் சூடான பிறகு மேலே போட்டு மூடுங்கள்.